மீண்டும் ஒட்டிய தண்டுவடம்: பிரித்தெடுப்பதா, முதுகெலும்பைக் குறுக்குவதா?

தண்டுவட நுனியைக் கீழே பிணைக்கும் ஃபைலம் என்னும் நார் 2 மி.மீ.க்கு மேல் தடித்தோ கொழுப்பேறியோ தண்டுவடத்தைக் கீழே இழுக்கிறது என்றால் பேச்சே இல்லை, வெட்டிவிட வேண்டியதுதான். வழக்கு தொடங்குவது, சிறுவயதில் தண்டுவட லிப்போமா (கொழுப்புக் கட்டி) அறுவை செய்துகொண்டவருக்கு, வளர்ந்தபின் தண்டுவடம் பழைய வடுவில் மறுபடி ஒட்டி, இடுப்புவலியும் சிறுநீர்த் தொல்லையும் திரும்பும்போது.

இழுபட்ட தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதும் மந்தமாகிறது. இதில் பின்னதை 1981-இல் யமடா குழுவினர் பூனைகளிலும் நோயாளிகளிலும் அளந்து காட்டினர். இழுவை தளர்ந்தால் நிலைமை தேறும். ஒட்டலைப் பிரித்தெடுப்பது, முதுகெலும்பைக் குறுக்குவது என்ற இரண்டு அறுவைகளும் அந்தத் தளர்வுக்காகத்தான். போகும் வழிதான் வேறு.

மறுபடி பிரித்தெடுப்பதில் உலோகம் இல்லை, முதுகின் அசைவு போகாது. வளரும் குழந்தைக்கு இதுவே முதல் தேர்வு. ஆனால் பழைய வடுவுக்குள் எது நார், எது நரம்பு என்று கண்ணால் பிரிக்க முடியாது. நரம்பைத் தூண்டும் கோலை வைத்து, தசையின் மின்பதிவான இ.எம்.ஜி.யைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அதனால் தசைத் தளர்வு மருந்து அந்த நேரத்தில் கூடாது. இதிலும் ஒரு பொறி உண்டு: உணர்வு நரம்புவேர் இ.எம்.ஜி.யில் பதில் தராமல் போகலாம். திரை அமைதியாக இருப்பதாலேயே வெட்டிவிடலாம் என்றாகாது. ட்யூரா என்னும் தண்டுவட உறையைத் திறப்பதால் தண்டுவட நீர்க் கசிவு வேறு.

எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் வடு. ஒட்டலைப் பிரித்த இடம் பச்சைப் புண்ணாக நிற்கிறது. அது ட்யூராவைத் தொட்டால் மறுபடி ஒட்டும். அந்தப் பரப்பைக் குழாயாகச் சுருட்டித் தைப்பதும், உறையை ஒட்டுத்துணி வைத்து அகலமாக்குவதும் வாய்ப்பைக் குறைக்கும், ஒழிக்காது. ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்கான வடுவை நாமே விதைக்கிறோம். மூன்றாம் முறை உள்ளே போவது முதல் முறை மாதிரி இல்லை.

குறுக்கும் அறுவை இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கிறது. வளர்ந்தவருக்கு, இரண்டாவது ஒட்டலுக்குப் பிறகு, என் சாய்வு இதன் பக்கமே. பழைய வடுவுக்கு மேலே, பெரும்பாலும் டி12 (கடைசி மார்பு முள்ளெலும்பு) அல்லது எல்1-இல் (முதல் இடுப்பு முள்ளெலும்பு), 15 முதல் 25 மி.மீ. எலும்பை எடுத்து இடைவெளியை மூடுகிறார்கள். ட்யூராவைத் திறப்பதே இல்லை. மேலும் கீழும் இரண்டிரண்டு மட்டங்களில் ஸ்க்ரூ. எலும்பை எடுக்கும் முன்பே தற்காலிகக் கம்பி பூட்டியாக வேண்டும். இல்லையென்றால் முதுகு வழுக்கித் தண்டுவடத்தை நறுக்கிவிடும். மூடுவது மெதுவாக, எம்.இ.பி. அலையை (மூளையைத் தூண்டித் தசையில் பதியும் மின்னலையை) பார்த்தபடி, சராசரி இரத்த அழுத்தம் 80-க்குக் கீழே இறங்காமல். நாய்களில் செய்த சோதனையில், முள்ளெலும்பு மட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் குறுக்கியபோது இரத்த ஓட்டம் கூடியது. மூன்றில் இரண்டைத் தாண்டியதும் தண்டுவடம் மடங்கிச் சேதமானது. அதிகம் எடுத்தால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் தரும் ஆடம்கீவிஸ் தமனி பெரும்பாலும் இதே சுற்றுவட்டாரத்தில் இடப்பக்கம் நுழைவதால், பக்கத் தமனிக் கிளைகளைக் கண்மூடித்தனமாகக் கட்டவும் கூடாது.

குறுக்கும் அறுவையில் இரத்த இழப்பு அதிகம், எலும்பு கூடாமல் கம்பி முறியலாம், அந்த மட்டங்கள் இறுகிவிடும். வெளியான அனுபவங்களும் பெரும்பாலும் சிறு குழுக்களே. வலி குறைவதைத் தெம்பாகச் சொல்லலாம். நாள்பட்ட சிறுநீர்ப்பைக் கோளாறு திரும்பும் என்று இரண்டு அறுவைக்கும் வாக்குத் தர முடியாது.

எதைச் செய்தாலும் எம்.ஆர்.ஐ.யில் தண்டுவட நுனி பெரும்பாலும் பழைய இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்துத் தோல்வி என்று பதறாமல், அறுவைக்கு முன் எடுத்த யூரோடைனமிக் (சிறுநீர்ப்பை இயக்க) பதிவைச் சில மாதம் கழித்து எடுத்ததோடு ஒப்பிட வேண்டும்.