தேனீக்காகக் கடைக் கண்ணாடியில்: காகிதக் கூடா, காலி ஜாடியா?

மே 20 உலகத் தேனீ நாள். சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் மாமாவின் மளிகைக் கடை இருக்கிறது. தெருவைப் பார்த்த அதன் கண்ணாடி அலமாரியை அந்த நாளுக்காக இரண்டு வருஷமாக நான்தான் ஜோடிக்கிறேன். போன வருஷம் காகிதத்தில் பெரிய தேன்கூடு, இந்த வருஷம் காலி ஜாடிகள். அடுத்த வருஷமும் ஜாடிதான் என்று தீர்மானித்துவிட்டேன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு விலை கேட்டதோடு சரி, செய்து பார்க்காததால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். துளசித் தொட்டி வைத்தால் நிஜத் தேனீயே வரும், ஆனால் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசுப்புழு, அப்புறம் அபராதம். வேண்டாம்.

காகிதக் கூடு அழகு, மறுக்கவில்லை. மஞ்சள் அட்டையை அறுகோணமாக மடித்து ஒட்டவே இரண்டு ராத்திரி போனது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள், பெரியவர்கள் போட்டோ எடுத்தார்கள். உள்ளே வந்து கேட்டவர்கள் இரண்டே பேர், அவர்களும் தேன் என்ன விலை என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் என்னைக் கைவிட வைத்தது பராமரிப்பு. பகலில் ஏர்கான் ஓடும், இரவில் கிடையாது. ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்ட அட்டை பகலில் காயும், மறுபடி இழுக்கும். ஒரே வாரத்தில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. சாயங்கால வெயில் படுகிற பக்கம் மூன்றாவது வாரத்தில் மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. வெயிலில் பசை இளகி கீழ்வரிசை தினமும் இரண்டு மூன்றாக உதிரும், கடை திறந்ததும் எனக்கு முதல் வேலை அதைப் பொறுக்கி ஒட்டுவது. அறுகோணத்துக்குள் தூசி புகுந்தால் துணி உள்ளே போகாது, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். வெயில் எட்டாத மால் கடைகளில் காகிதம் தாக்குப்பிடிக்கலாம், அங்கே எனக்கு அனுபவம் இல்லை.

ஜாடிக்கு வருவோம். கடையிலேயே இருந்த பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள், எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு. இடப்பக்கம் அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம் மாதிரி தேனீயை நம்பியிராத தானியங்கள், கழுத்துவரை. வலப்பக்கம் ஏலக்காய், பாதாம், பூசணி விதை காலி. கொத்தமல்லியும் சோம்பும் பாதி, ஏனென்றால் தேனீ இல்லாவிட்டால் அவற்றின் விளைச்சல் குறையும், அடியோடு போய்விடாது. இந்தப் பாதி ஜாடியில்தான் எனக்குக் கொஞ்சம் கர்வம், காகிதக் கூட்டில் இதைச் சொல்ல நாலு பத்தி எழுத வேண்டியிருக்கும், நின்று படிப்பவர் யார்?

பராமரிப்பு என்று பார்த்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். அரிசியில் வண்டு வரும், அதற்கு நாலு காய்ந்த மிளகாய். வெயிலில் நிறம் போன கொத்தமல்லியை விற்க முடியாது, வீட்டு ரசத்துக்குப் போய்விட்டது. நஷ்டம் என்றால் அது ஒன்றுதான்.

முக்கியமாக, ஆட்கள் கேட்டார்கள். "என்ன தம்பி, ஏலக்காய் வரலையா?" என்று ஒரு அக்கா ஆரம்பித்தார். ஏலப்பூவுக்கு ஆயுசு ஒரே நாள், அதற்குள் தேனீ வரவில்லை என்றால் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும் என்றேன். பாதாமுக்கு அமெரிக்காவில் லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகளைப் பிப்ரவரியில் கலிஃபோர்னியாவுக்கு ஏற்றிப் போகிறார்கள், அந்த நாட்டில் தொழிலுக்காக வளர்க்கிற கூடுகளில் பாதிக்கும் மேல் அங்கேதான் போகின்றன என்றதும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். தேனீக்கு என்னதான் ஆச்சு என்று அடுத்த கேள்வி. பூச்சிமருந்து, அழிகிற காடு, வரோவா என்கிற உண்ணி. நம் ஆசியத் தேனீ இந்த உண்ணியோடு பழகிவிட்டது, அதனிடமிருந்து தொற்றிய ஐரோப்பியத் தேனீக்குத்தான் தாங்கவில்லை. இவ்வளவையும் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னேன்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. கடை முகப்பில் காலிப் பாத்திரம் ஆகாது என்று மாமா முதல் நாளே முகம் சுளித்தார், கடையை மூடப் போகிறீர்களா என்று எதிர்க்கடைக்காரர் கேட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் ஏலக்காய் ஜாடியின் அடியில் ஒரே ஒரு ஏலக்காய் கிடக்கிறது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் வருகிறவர்கள் "ஏன் ஒன்னே ஒன்னு?" என்று கேட்கிறார்கள்.