கொட்டேஷனில் 8 ஜிபி, கேபினெட்டுக்குள் 6 ஜிபி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கொடுக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை இப்போது போடவில்லை. விவகாரம் இன்னும் முடியாமல் இருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன், வீடு சத்துவாச்சாரி. ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. ராத்திரியில் நண்பர்களோடு வேலரண்ட், தனியாக இருந்தால் ஜிடிஏ 5, அதற்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. காட்பாடியில் ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய்விடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு யார் அலைவது? டவுனில் ஒரு கடையில் விசாரித்தபோது ஓனர் அழகாகப் பேசினார். “ரிச்சி ஸ்ட்ரீட் ரேட்டுக்கே போட்டுத் தரேன் தம்பி. சர்வீஸ் நம்ம கையில இருக்குது. நீ எதுக்கு அலையணும்?”

வாட்ஸப்பில் கொட்டேஷன் படமாக வந்தது. இன்டெல் ஐ5 12400 பிராசசர், எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ரேம், கேமின் படத்தை வரையும் ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பிராண்டட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), விநாடிக்கு 165 தடவை படம் மாற்றும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். மொத்தம் 72,000 ரூபாய். அந்தப் படம் இன்னும் போனில் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே உருப்படியான ஆதாரம் அதுதான்.

கடைப் பையன் வீட்டுக்கு வந்து மாட்டினான், யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான், கிளம்பிவிட்டான். டப்பாக்கள் எங்கே என்று கேட்டதற்கு, “வாரண்டிக்கு வேணும்ணா, கடையிலயே வெச்சிருக்கோம்” என்றான். மதர்போர்டு டப்பா மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. இந்த டப்பா விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்று ராத்திரி ஜிடிஏ போட்டால் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம்தான். காரை வேகமாக ஓட்டினால் ரோடு விட்டு விட்டு வருகிறது. கேம் சரளமாக ஓடுகிறது என்று சொல்ல விநாடிக்கு 60 ஃபிரேமாவது வேண்டும். பழைய லேப்டாப்பே இதைவிடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கடைக்குப் போன் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம். விண்டோஸ் அப்டேட் ஆகட்டும் என்றார்கள். கேம்தான் பழசு என்றார்கள். அப்புறம் வெயில்: “மே மாச வேலூர் வெயில்ல மனுசனே லேக் அடிக்கிறான் தம்பி, மிஷின் என்ன பண்ணும்?” கடைசியில் உங்கள் ஏரியாவில் லோ வோல்டேஜ் என்றார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. வோல்டேஜ் குறைந்தால் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், ஆனால் எஸ்எம்பிஎஸ் அப்படி வேலை செய்வதில்லை. உள்ளே வரும் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே 12 வோல்ட்டாகத்தான் அனுப்பும், தாங்க முடியாத அளவுக்குக் குறைந்தால் மொத்தமாக அணைந்துவிடும். பாதி வேகத்தில் கேம் ஓட்டுவது அதன் வழக்கமில்லை.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் சித்தி பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். மானிட்டர் ஒயரை மதர்போர்டில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான் கடைப் பையன். 12400 சிப்பிலேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால் படம் தெரிந்துவிடுகிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்கிறது. ஒயரைக் கீழே இருக்கும் கார்டுக்கு மாற்றியதும் 50 ஃபிரேமைத் தொட்டது. மானிட்டரும் 60 ஹெர்ட்ஸிலேயே கிடந்தது, டிஸ்பிளே செட்டிங்கில் போய் 165 ஆக்கினான். இதெல்லாம் அலட்சியம், திட்டிவிட்டு விட்டுவிடலாம்.

ஆனாலும் நகரத்துக்குள் வண்டி போனால் விக்கல் நிற்கவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரி என்று இருக்கும். அதில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்று போட்டிருந்தது, வேகம் 2400. எட்டு எட்டாக இரண்டு ரேம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு 16 ஜிபியைச் சொருகியிருக்கிறார்கள். மொத்தம் 16தானே என்று தோன்றும். இரண்டு ரேம் இரண்டு சேனலில் போட்டால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு வழி, ஒன்றே ஒன்று போட்டால் ஒரு வழி, போக்குவரத்து பாதி. கேமில் இது நன்றாகவே தெரியும். அந்த ரேம் 3200 வேகத்துக்கானது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். அதையும் யாரும் செய்யவில்லை.

வெயில் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கேம் ஓடும்போது பிராசசர் சூடு 100 டிகிரியைத் தொட்டது. 12400க்கு 100தான் எல்லை, அங்கே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். கண்ணாடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். இன்டெல் டப்பாவோடு வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் கறுப்புத் தலையோடு நான்கு பின் இருக்கும். ஒவ்வொன்றையும் அழுத்தினால் மதர்போர்டுக்குப் பின்னால் வெள்ளைக் கொக்கி விரிந்து டக்கென்று பிடிக்க வேண்டும். மேல் வலது மூலைப் பின் ஓட்டையில் ஒப்புக்கு நின்றுகொண்டிருந்தது. விரலால் தொட்டால் ஆடுகிறது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் கூலர் சிப்பில் சரியாக உட்காராது. தம்பி, சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினான். நாலாவது டக் கேட்டது. அதற்கப்புறம் அதே மத்தியான வெயிலில், அதே மின்விசிறியின் கீழ், 80க்கு மேல் போகவில்லை. வேலூர் வெயில் மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது.

கதவைத் திரும்ப மூடும்போது அவன் கை நின்றுவிட்டது. “அண்ணா, 3050 8 ஜிபின்னுதானே சொன்னே? இந்தக் கார்டுக்கு பவர் ஒயரே போகலயே?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் விளக்கியது இதுதான். கிராபிக்ஸ் கார்டைச் சொருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். 3050 8 ஜிபி கார்டு 130 வாட் வரைக்கும் இழுக்கும், அதனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வந்தே ஆக வேண்டும். ஒயர் இல்லாமல் ஓடுகிறது என்றால் இது வேறு கார்டு. டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டுக்கான ஜிபியு பக்கத்தைத் திறந்தோம். டெடிகேட்டட் மெமரி 6.0 ஜிபி.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் எட்டும் உண்டு, ஆறும் உண்டு. 8 ஜிபி 2022 ஜனவரியில் வந்தது, 6 ஜிபி 2024 பிப்ரவரியில் வந்தது. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். கார்டுக்குள் கணக்குப் போடும் குடா கோர் எட்டில் 2560, ஆறில் 2304. எட்டில் மெமரிப் பாதை 128 பிட், ஆறில் 96. அதனால் விநாடிக்குப் போய்வரும் டேட்டா 224 ஜிபியிலிருந்து 168 ஆக இறங்கிவிடுகிறது. கம்பெனி இரண்டுக்கும் ஒரே நம்பரை வைத்ததே முதல் கோளாறு, என்னைக் கேட்டால் அவர்களையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் நம் ஊர்க் கடைக்காரர் உள்ளே புகுந்திருக்கிறார். 6 ஜிபி மோசமான கார்டு இல்லை. அதற்குரிய விலையில், சொல்லிவிட்டுக் கொடுத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

டப்பா கடையிலேயே தங்கியது ஏன் என்று இப்போது புரிகிறதா? டப்பா முகப்பிலேயே 6 ஜிபி என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கார்டு 70 வாட்தான் இழுக்கும் என்பதால் பிராண்டட் எஸ்எம்பிஎஸ்ஸும் தேவைப்படவில்லை. பேர் தெரியாத ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அதன் ஸ்டிக்கரில் 550 என்று மாடல் பெயரில் இருக்கிறது, எத்தனை வாட் என்று எங்கேயும் இல்லை.

கடைக்குப் போனோம். ரேமுக்கு மறுபேச்சு பேசவில்லை, “பையன் மாத்திப் போட்டுட்டான்” என்று சொல்லி இரண்டு எட்டு ஜிபியைக் கொடுத்துவிட்டார். கார்டு என்றதும் குரல் மாறியது.

“3050னா 3050 தான் தம்பி. எட்டு ஜிபி இப்ப வர்றதில்ல. எல்லாருக்கும் இதான் போட்டுனு இருக்கோம்.”

“வரலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்லயாண்ணா? எட்டுக்கான காசை வாங்கியிருக்கீங்களே.”

“பில்லுல எட்டுன்னு போட்டிருக்கா, காட்டு.”

பில்லில் என்ன இருந்தது தெரியுமா? ‘அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் - 1’. அவ்வளவுதான். பாகம் பாகமாகப் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. வாங்கும்போதே நான் பிரித்துப் போடச் சொன்னேன், சாஃப்ட்வேரில் வராது என்றார். வாட்ஸப் படத்தை எடுத்துக் காட்டினேன். அது ரேட் சொல்ல அனுப்பியது, பில் வேறு என்றார். கேபினெட்டைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது என்று கூடவே ஒரு மிரட்டல். கிராபிக்ஸ் கார்டின் வாரண்டி கார்டின் சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனி கொடுப்பது. கேபினெட் கதவில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் கார்டு பெயரை மட்டும் கேட்டு விடாதீர்கள், மெமரியோடு சேர்த்துப் பில்லில் எழுத வையுங்கள். 3050க்கு மட்டும் இது பொருந்தும் என்றில்லை. ஜிடி 1030 என்ற பெயரில் டிடிஆர்4 என்ற மெதுவான மெமரி போட்ட ஒன்று உண்டு, ஜிடிடிஆர்5 மெமரி போட்டதோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒரு பங்கு மெமரி வேகம்தான். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048 கோர் உள்ளதைத் தலையில் கட்டுவார்கள். அசல் 580க்கு 2304. ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேர் கோர் எண்ணிக்கை வரைக்கும் காட்டிவிடும், கடையிலேயே ஒரு நிமிஷத்தில் பார்க்கலாம். டப்பாக்களை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள். “பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஏறும், எஸ்டிமேட்லயே முடிச்சிக்கலாம்” என்று சொல்கிற கடையில் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம், அப்படியே இறங்கி வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். அதன் பிறகு ஓனரே கூப்பிட்டார். எட்டு ஜிபி வந்தால் மாற்றித் தருகிறாராம், ஆனால் மேலே நாலாயிரம் கொடுக்க வேண்டுமாம். ஏற்கெனவே கொடுத்த காசுக்கு இன்னொரு தடவை காசா? முடியாது என்று சொல்லிவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. கொட்டேஷன் படம், பணம் அனுப்பிய விவரம், டாஸ்க் மேனேஜர் படம், பவர் ஒயர் இல்லாத கார்டின் போட்டோ எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு வைத்திருக்கிறேன். வருகிற வாரம் வேலூர் ஆணையத்தில் கொடுக்கிறேன். இதே மாதிரி ‘அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் - 1’ என்று ஒற்றை வரி பில் உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிடுங்கள். கொட்டேஷனை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.