கைக்குள் சென்சாரா, எதிரே கேமராவா: சேலத்து வீட்டுக்கு ஏற்ற அசைவு விளையாட்டுக் கன்சோல் எது?

நின்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 கன்சோலை வெளியிட்டது. பிள்ளைகள் சோபாவில் சாய்ந்து கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டிராமல், எழுந்து நின்று கையையும் காலையும் வீசி விளையாட வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இதையே வாங்கிவிடலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இந்த நோக்கத்தோடு கடைக்குப் போகிறவர் முன் நான்கு சாதனங்கள் உள்ளன: புதிய ஸ்விட்ச் 2, 2017 மார்ச் முதல் விற்பனையில் உள்ள பழைய ஸ்விட்ச், கண்ட்ரோலரே இல்லாமல் கேமராவால் உடலசைவைக் கணிக்கும் நெக்ஸ் பிளேகிரவுண்ட், இந்தியாவில் முறையான உத்தரவாதத்தோடு விற்கப்படும் பிளேஸ்டேஷன் 5. இவற்றுள் எது வேகமானது, எதன் படம் தெளிவானது என்ற ஒப்பீடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உடலை அசைத்து விளையாடுவதற்கு அந்த இரண்டும் இரண்டாம்பட்சம். சென்சார் எங்கே இருக்கிறது, அது நம் கூடத்தின் அளவுக்குப் பொருந்துகிறதா, அதற்கென்று நல்ல விளையாட்டுகள் உள்ளனவா என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. அப்படிப் பார்த்தால், சேலத்தின் பெரும்பாலான வீடுகளுக்குப் பழைய ஸ்விட்சே இன்றும் பொருத்தமானது என்பது என் முடிவு.

பிளேஸ்டேஷன் 5-ஐ முதலிலேயே விலக்கிவிடலாம். 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவுக்கு வந்த இந்தக் கன்சோலின் ஸ்லிம் வடிவம், 2024 ஏப்ரலில் 54,990 ரூபாய்க்கும், டிஸ்க் இல்லாத வகை 44,990 ரூபாய்க்கும் அறிமுகமாயின. ரசீதும் உத்தரவாதமும் உண்டு, அதன் விளையாட்டுகளும் சிறந்தவை. கண்ட்ரோலருக்குள் அசைவை உணரும் சென்சாரும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் குறிபார்ப்பதற்கே பயன்படுகிறது. நடன விளையாட்டைக்கூடக் கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். நம் நோக்கத்துக்கு இது பொருந்தாது.

எஞ்சிய மூன்றும் இரண்டு வழிகளில் பிரிகின்றன. ஸ்விட்ச் வகைகளில் சென்சார் விளையாடுபவரின் கையிலேயே இருக்கிறது. ஜாய்-கான் எனப்படும் சிறிய கண்ட்ரோலருக்குள் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் உள்ளன. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதை அவை கணித்து புளூடூத் வழியே கன்சோலுக்கு அனுப்புகின்றன. 2006-இல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோலின் ரிமோட்டில் தொடக்கத்தில் ஆக்சிலரோமீட்டரும், டிவியருகே வைக்கும் பட்டையின் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்க்கும் சிறு கேமராவும் மட்டுமே இருந்தன. மணிக்கட்டின் திருப்பத்தைச் சரியாக உணர 2009-இல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஜாய்-கானில் ஆக்சிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் ஒன்றாகவே வருகின்றன, டிவிக்கு அருகில் எந்தப் பட்டையும் வேண்டியதில்லை. வீட்டில் வெளிச்சம் எப்படி இருந்தாலும், குறுக்கே யார் நடந்தாலும் விளையாட்டு தடைபடுவதில்லை. கைரோஸ்கோப்பில் சிறு பிழைகள் சேர்ந்து திசை மெல்ல விலகுவது மட்டும் உண்டு. அப்போது ஜாய்-கானைச் சமதளத்தில் வைத்து அமைப்புகளில் மீண்டும் அளவுதிருத்தம் செய்தால் போதும்.

கேமரா வழி வேறு. 2023 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நெக்ஸ் பிளேகிரவுண்ட், டிவியின் கீழே வைக்கும் கையடக்கமான கனசதுரப் பெட்டி. அகலக் கோணக் கேமரா உங்களைப் பார்க்கிறது. தலை, தோள், முழங்கை, முழங்கால் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை மென்பொருள் கணிக்கிறது. கையில் எதுவும் பிடிக்க வேண்டியதில்லை என்பதால், ஐந்து வயதுக் குழந்தையும் பொத்தான்களைக் கற்றுக்கொள்ளாமலேயே விளையாடத் தொடங்கிவிடும். இந்த எளிமை உண்மையில் பெரிய கொடை, இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டுக்குள் எப்போதும் ஒரு கேமரா இருப்பதைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு, காட்சிகள் பெட்டிக்குள்ளேயே கணிக்கப்படுகின்றன என்று நிறுவனம் கூறுகிறது, லென்ஸை மறைக்கக் காந்த மூடி ஒன்றும் தருகிறது.

சிக்கல் நம் கூடங்களில் இருக்கிறது. முழு உடலும் கேமராவின் பார்வைக்குள் வர வேண்டுமானால் பின்னே தள்ளி நின்றாக வேண்டும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் என்ற கேமராச் சாதனம், ஒருவர் விளையாட ஆறு அடி, இருவர் விளையாட எட்டு அடி இடைவெளி வேண்டும் என்று கேட்டது. தயாரிப்பு 2017-இல் நிறுத்தப்படும்வரை சிறிய வீட்டுக்காரர்களின் முதல் குறை அதுவாகவே இருந்தது. தொழில்நுட்பம் அதன்பிறகு வெகுவாக முன்னேறியிருக்கிறது என்றாலும், ஓர் ஆளின் உயரத்தைக் குறுகிய தூரத்தில் முழுதாகப் படம்பிடிக்கும் சிரமம் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் டிவி மேசைக்கும் சோபாவுக்கும் போக மிஞ்சுவது ஆறேழு அடி. அம்மாப்பேட்டை, குகை போன்ற பகுதிகளில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒடுங்கிய பழைய வீடுகளில் தறியும் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, இருவர் அருகருகே நின்று கைகளை விரிக்கவே இடம் போதாது. வாசல் கதவைத் திறந்து வைத்தால் முதுகுப்பக்கம் வெயில் அடித்து, கேமராவுக்கு விளையாடுபவர் நிழலுருவாகிவிடுவார். சேலையோ லுங்கியோ பாவாடையோ முழங்காலை மறைத்தால் குந்தி எழுவதையும் காலைத் தூக்குவதையும் மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். கூட்டுக் குடும்பத்தில் இன்னொன்றும் நடக்கும்: பேத்தி விளையாடும்போது பின்னால் தாத்தா நடந்து போனால் அவரையும் ஓர் ஆட்டக்காரராக எண்ணிவிட வாய்ப்புண்டு. ஏற்காட்டின் எஸ்டேட் பங்களாக்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அங்கே கேமரா வழி நன்றாகவே வேலை செய்யும். மின்சாரத்தையும் இணையத்தையும் பொறுத்தவரை என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

விளையாட்டுகளின் தரத்தில்தான் இந்த ஒப்பீடு உண்மையில் தீர்மானமாகிறது. 2022 ஏப்ரல் 29 அன்று வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் பௌலிங், டென்னிஸ், பேட்மிண்டன், வாலிபால், கால்பந்து, சாம்பரா என்ற வாள்வீச்சு ஆகிய ஆறும் முதலில் இருந்தன. கோல்ஃபும் கூடைப்பந்தும் பின்னர் சேர்ந்தன. கன்சோலோடு வரும் ஒரு ஜோடி ஜாய்-கானை இருவர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு பெரும்பாலானவற்றை விளையாடலாம் என்பதால் கூடுதலாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூட்டுவலி உள்ள பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே பௌலிங் பந்தை உருட்டலாம். பேரனோடு சரிக்குச் சமமாக அவர் போட்டியிடும் விளையாட்டு வேறு எந்தக் கன்சோலிலும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

உடற்பயிற்சியே நோக்கம் என்றால் 2019 அக்டோபரில் வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சருக்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். வளையம் போன்ற ரிங்-கானில் ஒரு ஜாய்-கானைச் செருக வேண்டும், இன்னொன்றைத் தொடையில் பட்டையால் கட்ட வேண்டும். வளையத்தை எவ்வளவு அழுத்தினோம், எவ்வளவு இழுத்தோம் என்பதை அது அளக்கிறது. தொடையில் உள்ளது ஓட்டத்தையும் குந்துதலையும் கணிக்கிறது. கேமராவால் விசையை அளக்க முடியாது. கை முன்னே வந்ததா என்பதை மட்டுமே அதனால் சொல்ல முடியும். ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு வராதபடி, குதித்து ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிரும் அமைதி முறை இதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும் என்பதே இதன் குறை.

நெக்ஸ் பெட்டியோடு ஃப்ரூட் நிஞ்சா உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகள் வருகின்றன. மற்றவற்றுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அவை மகிழ்ச்சி தரும், ஆனால் பத்து வயதைக் கடந்த பிள்ளையை நெடுநாள் கட்டிப்போடும் ஆழம் அவற்றில் குறைவு.

ஸ்விட்ச் 2 இங்கே என்ன கூட்டித் தருகிறது? 7.9 அங்குலத் திரை, டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் 4கே வரையிலான படம், 256 ஜிபி சேமிப்பு, பக்கவாட்டுத் தடத்தில் செருகுவதற்குப் பதில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஜாய்-கான் 2, மேசை மீது மவுஸ் போல் நகர்த்தும் வசதி. இரு கைகளிலும் இரண்டு மவுஸ்களை உருட்டி ஆடும் டிராக் எக்ஸ் டிரைவ் என்ற சக்கர நாற்காலிக் கூடைப்பந்து 2025 ஆகஸ்டில் வந்தது. நல்ல முயற்சிதான், ஆனாலும் அது அமர்ந்து ஆடும் விளையாட்டு. எழுந்து நின்று ஆட வேண்டுமென்றால் ஸ்விட்ச் 2 வைத்திருப்பவரும் பழைய ஸ்விட்சுக்காக வந்த ஸ்போர்ட்ஸையும் ரிங் ஃபிட்டையும்தான் நாட வேண்டும். அவை புதிய கன்சோலிலும் ஓடுகின்றன. ஆனால் ஜாய்-கான் 2 ரிங்-கானில் பொருந்தாது, பழைய வலது ஜாய்-கானில் நாடித்துடிப்பை அளந்த அகச்சிவப்புக் கேமராவும் புதியதில் இல்லை. ஆகவே ரிங் ஃபிட்டுக்காகப் பழைய ஜாய்-கான் ஜோடியைத் தனியாக வாங்க வேண்டும்; அதைப் புதிய கன்சோலின் பக்கவாட்டில் செருகி மின்னேற்றவும் முடியாது என்பதால் தனி சார்ஜரும் வேண்டும். மாரியோ கார்ட் வேர்ல்ட், டாங்கி காங் பனான்சா போன்ற புதிய விளையாட்டுகளுக்காக வாங்குவோருக்கு ஸ்விட்ச் 2 தகுந்தது. அசைவுக்காக மட்டும் வாங்குவோர் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை.

மின்சாரத்தில் ஸ்விட்ச் வகைகள் இரண்டுமே தெளிவாக முந்துகின்றன. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றால், கன்சோலை டாக்கிலிருந்து எடுத்துத் தாங்கியை விரித்து மேசையில் நிறுத்தி, ஜாய்-கான்களைக் கழற்றி, அதே பௌலிங்கைத் தொடரலாம். நெக்ஸ் பெட்டிக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால்தான் இது நடக்கும். புதிய ஸ்விட்ச் 2-இன் பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது. 2019-க்குப் பின் வந்த பழைய ஸ்விட்சும் அதன் ஓலெட் திரை வகையும் 4.5 முதல் 9 மணி நேரம் தாங்கும். ஆனால் மேசையில் வைத்து இருவர் எட்டி நின்று பார்க்கும்போது ஸ்விட்ச் 2-இன் பெரிய திரையின் வசதி தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

1,515 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், மழைக்காலக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் சீராக நேரமாகும் என்பதால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அங்கே இணைய வேகமும் இடத்துக்கு இடம் மாறும். பழைய ஸ்விட்சின் விளையாட்டுக் கார்டைச் செருகினால் விளையாட்டு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஸ்விட்ச் 2-க்கு வரும் கார்டுகளில் சிலவற்றில் விளையாட்டே இருப்பதில்லை. கேம்-கீ கார்டு எனப்படும் இவை திறவுகோலை மட்டும் வைத்திருக்கும், முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். மலைமேல் இருப்பவர்கள் அட்டைப்பெட்டியின் முகப்பில் கீழ்ப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் அந்த அறிவிப்பைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நெக்ஸ் பெட்டியிலும் சந்தா விளையாட்டுகள் இணையம் வழியே வருகின்றன. மூடுபனிக் காலத்தில் எல்லாச் சாதனங்களையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பெட்டியில் வைப்பது நல்லது; லென்ஸில் பனி படிவது கேமராச் சாதனத்துக்கு மட்டும் உள்ள கூடுதல் தொல்லை.

விலைக்கு வருவோம். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்காவில் 449.99 டாலருக்கு அறிமுகமான ஸ்விட்ச் 2 ஏறத்தாழ 40,500 ரூபாய். 2025 ஆகஸ்டில் அங்கே விலை உயர்த்தப்பட்ட பிறகு, பழைய ஸ்விட்ச் 339.99 டாலர், அதாவது 30,600 ரூபாய் ஆனது. ஓலெட் வகை 399.99 டாலர் ஆனது. நெக்ஸ் 249 டாலர், ஆண்டுச் சந்தா 89 டாலர் என்று விற்றபோது முதலாண்டுச் செலவு 30,000 ரூபாயைத் தாண்டியது, அடுத்த ஆண்டும் சந்தா தொடரும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, ஈ-ஷாப் எனப்படும் அதன் இணையக் கடையும் இந்தியாவுக்கென்று இல்லை. ஆகையால் இறக்குமதியாளரின் லாபமும் சுங்க வரியும் இந்த விலைகளின் மேல் ஏறும். இந்த விலைகளின்படி ஓலெட் வகைக்கும் ஸ்விட்ச் 2-க்கும் இடையே 50 டாலர்தான் வித்தியாசம் என்பதால், புத்தம்புதிய ஓலெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண ஸ்விட்சை, முடிந்தால் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, நல்ல நிலையில் உள்ளதை வாங்கி, மிச்சத்தில் ஸ்போர்ட்ஸ் கார்டும் ரிங் ஃபிட் பெட்டியும் வாங்குவதே அறிவுடைமை. ஸ்விட்ச் லைட் விலை குறைவு என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் கண்ட்ரோலர் கழலாது, டிவியிலும் இணையாது.

பழுது பார்ப்பதும் இதே பக்கம்தான் சாய்கிறது. பழைய ஜாய்-கானில் கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக் தேய்ந்து, தொடாமலேயே நகரும் கோளாறு உலகறிந்தது. அதற்கான மாற்று உதிரி எளிதில் கிடைக்கிறது, மூன்று முனைத் திருகாணியைக் கழற்றத் தெரிந்த கைப்பேசி பழுதுபார்ப்பவரால் மாற்றிவிட முடியும். மேலும் டென்னிஸும் பௌலிங்கும் ஸ்டிக்கைப் பெரிதும் சார்ந்தவை அல்ல. புதிய கன்சோல்களுக்கு இந்த வசதி நம் ஊரில் வேரூன்ற இன்னும் காலம் ஆகும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, உதிரி இல்லை என்று திரும்புவது யாருக்கும் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டபின்னும் ஸ்விட்ச் 2-ஐத்தான் வாங்குவது என்று முடிவு செய்பவர்கள், விலை குறைந்த ஜப்பானியப் பதிப்பு கையில் திணிக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2025-இல் 49,980 யென்னுக்கு அறிமுகமான அந்த வகையில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படிக்க வேண்டும்; அமெரிக்கத் தட்டை முனைக்கு மாற்றுப் பிளக்கும் தேவைப்படும். பயன்படுத்திய கன்சோலை வாங்குவோர் கடையிலேயே வைஃபையில் இணைத்து ஈ-ஷாப்பைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் அனுமதியின்றி உள்ளமைப்பு மாற்றப்பட்ட கன்சோல்களுக்கு நின்டெண்டோ இணையச் சேவையை நிரந்தரமாக நிறுத்திவிடுகிறது, அந்தத் தடை கன்சோலோடு அடுத்தவருக்கும் போகிறது. பின்னர் இரண்டு ஜாய்-கான்களையும் கழற்றி, அமைப்புகளில் உள்ள சென்சார் அளவுதிருத்தத்தையும் ஸ்டிக் சோதனையையும் ஒருமுறை ஓடவிட்டு, மணிக்கட்டுப் பட்டைகள் இரண்டும் பெட்டியில் இருப்பதை உறுதிசெய்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.