சோத்தோங் தூண்டில்: ஜப்பான் எகியா, மலிவு எகியா, சண்டாட்டா?

கரையிலிருந்து சோத்தோங், அதாவது கணவாய், பிடிக்க இப்போது நான் ஜப்பான் எகியைத் தவிர வேறு எதையும் கட்டுவதில்லை. மலிவு எகிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டேன். சண்டாட் இரண்டைப் படகுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மலேசியாவில் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலிருந்து லுமுட் கரைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்தான். தோட்டத்து வேலை முடிந்து குளித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். அதனால் எங்கள் பக்கத்துத் தம்பிமார் நிறையப் பேர் கணவாய்த் தூண்டில் பக்கம் வந்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, 8 வெள்ளிக்கும் எகி கிடைக்குது, 35 வெள்ளிக்கும் கிடைக்குது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" நியாயமான கேள்வி. செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதிக்கும் வீட்டில் 35 வெள்ளி சின்னக் காசு இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எகி என்பது இறால் வடிவத் தூண்டில். ககோஷிமா பக்கத்து ஜப்பான் மீனவர்கள் அந்தக் காலத்தில் மரத்தில் செதுக்கியது. இப்போது பிளாஸ்டிக் உடம்பு, மேலே துணி, கழுத்துக்குக் கீழே ஈயம், வாலில் கொத்தாக மேல்நோக்கி வளைந்த முட்கள். இந்த முட்களின் நுனியில் பின்னோக்கிய கூர் கிடையாது. அதனால் மாட்டிய பிறகு நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, தளர விட்டால் சோத்தோங் கழன்று போய்விடும். சண்டாட் நம் நாட்டுக்காரர்களுக்குப் பழகிய பொருள்: நேரான உடம்பு, அடியில் ஒன்று அல்லது இரண்டு முள் வளையம், கையில் நரம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். விலையும் குறைவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை நிறம், பெயர், பெட்டியில் அச்சடித்த படம் எல்லாம் பிறகுதான். தூண்டில் தண்ணீரில் எப்படி விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சோத்தோங் இரையைத் துரத்தி ஓடி விழுங்கும் மீன் இல்லை. பின்னாலேயே வந்து நின்று பார்க்கும். எகியை நாம் சுண்டி மேலே தூக்கும்போது அதன் கவனம் திரும்பும். ஆனால் நீண்ட இரண்டு கைகளையும் வீசிப் பிடிப்பது பெரும்பாலும் எகி கீழே இறங்கும் நேரத்தில்தான். அந்த இறக்கம் நிதானமாக, தலை கீழே சாய்ந்து, வால் சற்று மேலே நின்றபடி, ஆடாமல் இருக்க வேண்டும். நல்ல எகி சுமார் 45 பாகைச் சாய்வில் அப்படி இறங்கும். வழக்கமான ரகம் ஒரு மீட்டர் இறங்க 3 வினாடிக்குச் சற்று மேலே எடுக்கும். ஆழமில்லாத இடத்துக்கென்று வரும் ரகம் 5, 6 வினாடி எடுக்கும். 5 மீட்டர் ஆழத்தில் முதல் ரகத்தைப் போட்டால் ஏறக்குறைய 16 எண்ணும்போது தரை தட்டும். இது கைக்குப் பழகிவிட்டால், 9 எண்ணும்போது நரம்பு சட்டென்று தளர்ந்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை இல்லை, சோத்தோங் என்று உடனே தெரியும்.

மலிவு எகியில் எனக்கு ஒத்துவராதது இந்த இடம்தான். ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் வாங்கிய மூன்றும் மூன்று விதமாக இறங்கும். ஒன்று சுழன்றுகொண்டே போகும். இன்னொன்று படுத்த வாக்கில் போகும். மூன்றாவது அருமையாக இறங்கும். அதை நம்பி இன்னும் இரண்டு வாங்கினால் அவை வேறு மாதிரி. எண்ணுகிற கணக்கே அங்கே உதவாது. ஜப்பான் எகியில், யமாஷிதாவோ யோ-ஸூரியோ, ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி இறங்குகின்றன. அறுந்து போனாலும் அதே ரகத்தை வாங்கிக் கட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான்.

காசுக் கணக்கும் இங்கேதான் மாறுகிறது. சமநிலை சரியாக உள்ள எகி தரையைத் தொட்டதும் மூக்கை ஊன்றி வாலைத் தூக்கி நிற்கும். முட்கள் பாறையில் படாது. சமநிலை தவறிய எகி அப்படியே படுத்துவிடும். முள் கொத்து நேராகக் கல்லில் உட்காரும். லுமுட் பக்கத்துப் படகுத் துறைகளில் தூண் முழுக்கச் சிப்பி, அடியில் பழைய வலை, கயிறு. அங்கே படுத்த எகி திரும்பி வராது. ஒரே ராத்திரியில் 8 வெள்ளி எகி நான்கு போனால் 32 வெள்ளி. ஒரு நல்ல எகியின் விலை கிட்டத்தட்ட அவ்வளவுதான், அது அடுத்த வாரமும் பெட்டியில் இருக்கும். நல்ல எகி மாட்டவே மாட்டாது என்று சொல்லவில்லை. எனக்குக் குறைவாக மாட்டுகிறது.

சண்டாட் கரையிலிருந்து தோற்பதும் இதனால்தான். அதன் முள் அடியில் இருக்கிறது. தரையை முதலில் தொடுவதே முள். நேராகக் கல் மாதிரி விழும், சாய்ந்து மிதந்து இறங்கும் நேரமே கிடையாது. தூர எறிந்து கரைக்கு இழுத்து வருவதற்காக அதைச் செய்யவில்லை.

மலிவு எகிதான் வாங்க முடியும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. வீட்டிலேயே சோதித்துவிட்டு எடுத்துப் போங்கள். ஆழமான தண்ணீர்த் தொட்டியோ நீல பீப்பாயோ போதும். நரம்பு கட்டி, தளர்த்தி விட்டு, இறங்குவதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். சுழல்வதைத் தனியாக வையுங்கள். படுத்து இறங்குவதற்கு மூக்குப் பக்கம் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினால் தலை சாயும். தலைகுப்புற வேகமாக விழுவதற்கு ஈயத்தின் ஓரத்தைக் கொஞ்சம் அரத்தால் ராவலாம். நல்ல தண்ணீரில் எகி கடலில் இறங்குவதைவிடச் சற்று வேகமாக இறங்கும்; அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவருக்கு மலிவு எகியும் சோத்தோங் கொடுக்கும்.

அளவைப் பற்றி: எண் 3.0 என்றால் உடம்பு சுமார் 9 செ.மீ., 2.5 என்றால் 7.5 செ.மீ. எங்கள் மேற்குக் கரையில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் சின்னச் சோத்தோங்தான், அதனால் 2.5-இல் தொடங்குங்கள். டிண்டிங் ஆற்று முகத்துவாரத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் 2.5 தரைக்குப் போவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும், அப்போது 3.0 கட்டலாம். அதைவிட, வீட்டு நாள்காட்டியில் அஷ்டமியைப் பார்த்து அதை ஒட்டிய நாட்களில் போவது மேல். ஓட்டம் குறைந்திருக்கும், தண்ணீரும் ஓரளவு தெளிந்திருக்கும்.

நிறத்துக்காகச் சண்டை போட வேண்டாம். சோத்தோங் இனங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கண்ணில் ஒரே ஒரு நிறமிதான். நாம் பார்ப்பது போல நிறம் பிரித்துப் பார்க்க முடியாது. வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் அதற்குத் தெரியும். கலங்கிய தண்ணீருக்கு இருட்டில் ஒளிரும் உடம்பு ஒன்று, விளக்கடிக்குக் கருத்த முதுகு ஒன்று இருந்தால் போதும்.

பராமரிப்பில் மூன்றுக்கும் ஒரே வேலை: வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைப்பது. எகிக்கு எதிரி புந்தால், அதாவது பேத்தை மீன். துணியைக் கடித்துக் குதறிவிடும். நல்ல எகியின் துணியும் அதன் பல்லுக்குத் தாங்காது, இதில் விலை கொடுத்துப் பயனில்லை. பேத்தை வந்துவிட்டால் இடத்தை மாற்றுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் பழைய மலிவு எகியைக் கட்டுங்கள். சண்டாட்டில் துணி சுற்றாத ரகம் இந்த விஷயத்தில் நிம்மதி. முள் வளைந்தால் மூக்குக் குறடால் மெதுவாக நிமிர்த்தலாம்; துரு ஏறினால் விட்டுவிடுங்கள், மழுங்கிய முள்ளில் சின்னச் சோத்தோங் நிற்காது.

கிழக்குக் கரையில் எனக்கு அனுபவம் குறைவு. அதனால் திரெங்கானு பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை, ராத்திரி படகில் விளக்குப் போட்டுச் சோத்தோங்கைக் கூட்டுகிறார்கள். படகுக்கு நேர் கீழே, கூட்டமாக, ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு வரும் சோத்தோங்குக்குச் சாய்வு இறக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பக்கத்தில் சண்டாட் ஆட்டிய மலாய்க்காரப் பெரியவர் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, என் எகி நீரோட்டத்தில் பக்கத்து நரம்புகளோடு சிக்கிக்கொண்டிருந்தது. படகில் போகிறவர்கள் சண்டாட் வாங்குங்கள், எகிக்குச் செலவு செய்ய வேண்டாம். லுமுட், பங்கோர் கரைக்கு என்றால் 2.5-இல் நல்ல எகி இரண்டு, ஒளிரும் உடம்பு ஒன்றும் கருத்த முதுகு ஒன்றும். மிச்சக் காசில் மெல்லிய பின்னல் நரம்பு வாங்குங்கள். எகி இறங்கும்போது வரும் சின்னத் தளர்வு தடித்த நரம்பில் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.