காருக்குள் எழும் லொடலொடப்பு: தேடும் வழிகளும் அடக்கும் பொருட்களும் ஓர் ஒப்பீடு

காருக்குள் கேட்கும் தொல்லைச் சத்தங்களுக்கு மருந்து தேடுபவர்கள் பெரும்பாலும் ஃபோம் நல்லதா, கிரீஸ் நல்லதா என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். எந்த வகைச் சத்தம் என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது. லொடலொடவென்று அடிக்கும் சத்தம், நடுவே இடைவெளி விட்டுப்போன இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தட்டுவதால் பிறக்கிறது. கிறீச்சென்ற சத்தமோ, நெருக்கமாக அழுந்தியிருக்கும் இரண்டு பரப்புகள் ஒரு கணம் பிடித்துக்கொண்டு மறுகணம் வழுக்குவதால் வருகிறது. முன்னதற்கு இடைவெளியை நிரப்ப வேண்டும். பின்னதற்கு உராய்வைக் குறைக்க வேண்டும். கிறீச்சிடும் இடத்தில் ஃபோமைத் திணித்தால் அழுத்தம் கூடிச் சத்தம் இன்னும் மோசமாகலாம். தட்டும் இடத்தில் கிரீஸ் தடவினால் தட்டல் அப்படியே இருக்கும், கை மட்டும்தான் அழுக்காகும்.

சத்தம் உள்ளிருந்து வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்பதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. இரண்டு முன்சக்கரங்களும் ஒருசேர ஏறும் வேகத்தடையில் அமைதியாக இருக்கும் கார், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டினால், இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்புகளைச் சந்தேகிக்கலாம். இரு சக்கரங்களும் சமமாக எழும்போது அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை. அது சஸ்பென்ஷன் வேலை என்பதால் டேஷ்போர்டைக் கழற்றிப் பயனில்லை.

அடுத்து காரைக் காலி செய்ய வேண்டும். டேஷ்போர்டில் உள்ள குளோவ் பாக்ஸ், கதவுப் பைகள், டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்டெப்னியை இறுக்கும் திருகு, யாரும் உட்காராத இருக்கையின் பெல்ட் நாக்கு ஆகியவற்றைப் பார்க்காமல் கருவிகளை எடுக்கக் கூடாது. டேஷ்போர்டின் இடது மூலையிலிருந்து வருகிறது என்று நான் பல நாள் நம்பிய ஒரு சத்தம், கடைசியில் பக்கவாட்டுத் தூணில் மோதிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டின் உலோக நாக்காக முடிந்தது. முன்கண்ணாடி ஒலியைத் திருப்பி அனுப்புவதால், காது காட்டும் திசையை முழுமையாக நம்ப முடியாது.

தேடும் வழிகளில் நான் முதலிடம் கொடுப்பது, ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்திப் பார்க்கும் பழைய முறைக்கே. கை வைத்ததும் நிற்கும் சத்தம், தன் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. இதில் செலவில்லை, ஆனால் ஓட்டுபவரே இதைச் செய்ய முயலக் கூடாது, கவனம் சாலையில் இருக்க வேண்டும். கைபேசியில் பதிவு செய்து கேட்பது இதற்கு மாற்றாகாது, ஏனெனில் பதிவில் திசை தொலைந்துவிடுகிறது. எந்த வேகத்தில், எந்தக் குலுக்கலில் சத்தம் வந்தது என்று பின்னர் நினைவுபடுத்திக்கொள்ள மட்டும் அது உதவும்.

மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப், நின்றுகொண்டிருக்கும் காரில் எஞ்சின் ஓடும்போது விடாமல் கேட்கும் ரீங்காரத்தைத் தேட மிக நல்லது. பள்ளத்தில் மட்டும் ஒரு நொடி தட்டி மறையும் சத்தத்திற்கு ஆகாது. கவ்விகளோடு கூடிய பல மைக்குகளை ஆங்காங்கே பொருத்தி, ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கும் கருவி, காரின் அடிப்பகுதியில் தன் திறமையைக் காட்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பலகைகளில் கவ்வ விளிம்பு கிடைப்பது அரிது, கவ்வியே தளர்ந்து புதிய சத்தத்தை உண்டாக்குவதும் உண்டு. வீட்டுத் தேவைக்கு அதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றோடு ஒப்பிட, பலர் முயலாத ஒரு வழி காரின் ஸ்பீக்கர்களே. 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல உயரும் ஒற்றைத் தொனியை ஒலிக்கவிட்டால், தளர்ந்த கதவுப் பலகையோ ஸ்பீக்கர் மூடியோ தனக்குரிய அதிர்வெண் வந்ததும் நடுங்கத் தொடங்கும். தொனியை அங்கேயே நிறுத்திவிட்டு நிதானமாகக் கைவைத்துத் தேடலாம். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒரு நிமிடச் சுழற்சியை 30ஆல் வகுத்தால் எரிதலின் அதிர்வெண் கிடைக்கும்: 3000 சுழற்சியில் 100 ஹெர்ட்ஸ். எனவே, குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் டேஷ்போர்டு முனகினால், அதே அதிர்வெண்ணை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, எஞ்சினை அணைத்த நிலையிலேயே குற்றவாளியைப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. கார் உடல் முறுக்கப்படும்போது மட்டும் வரும் கிறீச்சொலியை இந்த முறையால் எழுப்ப முடியாது. அதற்கு ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி நிறுத்திக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பதே மேல்.

இனி அடக்கும் பொருட்கள். வயர்களைச் சுற்றப் பயன்படும் மென்துணி டேப்பையே நான் எல்லாவற்றிற்கும் முன் வைப்பேன். அது மெல்லியது, பலகைகள் பொருந்தும் விளிம்பைப் பிதுக்காது. தட்டலையும் மெத்தென்று வாங்கிக்கொள்கிறது, உராய்விலும் துணி வழுக்குவதால் கிறீச்சிடுவதில்லை. அடைத்த துளைகள் கொண்ட ஃபோம் பெரிய இடைவெளிகளுக்கு ஏற்றது என்றாலும், அளவுக்கு மேல் தடிமனாக வைத்தால் கிளிப்புகள் முழுமையாக உட்காராது. அப்போது ஒரு சத்தம் போய் இரண்டு சத்தம் வரும். குளோவ் பாக்ஸின் மூடி தட்டினால், திருகி உயர்த்தக்கூடிய ரப்பர் தாங்கிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும், டேப்பே தேவைப்படாது.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கிற்கு சிலிகான் கிரீஸ்தான் சரி. பெட்ரோலிய எண்ணெய் கலந்த ஸ்பிரே தற்காலிகமாகச் சத்தத்தை நிறுத்தினாலும், கதவு பீடிங்குகளில் பரவலாகப் பயன்படும் இபிடிஎம் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பூட்டு மாட்டும் வளையத்தில்தான் சத்தம் என்று சந்தேகம் இருந்தால், அதில் சிறிது டேப் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பைப் பலர் சர்வரோக நிவாரணியாக நினைக்கிறார்கள். அது மெல்லிய தகடு தானாக அதிர்வதைத் தணிக்கும். கழன்ற கிளிப்பையோ, கதவுக்குள் தொங்கி அடிக்கும் கம்பியையோ அது பிடித்து வைக்காது. கதவுப் பலகையைக் கழற்றும்போது உடைந்த கிளிப்புகளை மாற்றாமல் விரிப்பு ஒட்டுவது வீண் செலவு. பசை போட்டு ஒட்டிவிடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். அடுத்த முறை அந்தப் பாகத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள கார்களில், கண்ணாடியோரத் தூண்களின் மூடிகளும் கூரையோரமும் அது விரியும் வழியில் இருக்கின்றன. அங்கே ஃபோம் திணிப்பதும், ஒருமுறை மட்டுமே பயன்படும் பாதுகாப்புக் கிளிப்பைத் திரும்ப மாட்டுவதும் உயிருக்கு ஆபத்தானவை. அந்த இடத்துச் சத்தத்தைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

வேலை முடிந்ததும், சத்தம் முதலில் கேட்ட அதே வெப்பநிலையில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக், 30 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். அதே நீள எஃகு 0.4 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வெயிலில் நின்று இறுகிய டேஷ்போர்டு மதியம் மௌனமாக இருந்து, மறுநாள் குளிர்ந்த காலையில் மீண்டும் லொடலொடக்கலாம். ஆகவே காலையில் கேட்ட சத்தத்தைக் காலையிலேயே, அதே சாலையில், அதே வேகத்தில் சோதித்த பிறகே மீதிப் பலகைகளை மாட்டுங்கள்.