28 அறை மாத்திரைப் பெட்டி: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

தினமும் ஐந்தாறு மருந்து சாப்பிடும் பெரியவர் இருக்கும் வீட்டில், ஏழு நாளுக்கு நான்கு வேளை என்று பிரித்த இந்தப் பெட்டி கட்டாயம் வாங்கவேண்டிய பொருள். ‘காலையில போட்டோமா இல்லையா’ என்ற குழப்பத்தில் சுகர் மாத்திரையை இரண்டாவது தடவை விழுங்கி, சர்க்கரை தாழ்ந்து மயங்குவதை இது தடுக்கும். அறை காலி என்றால் போட்டாயிற்று.

வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். நகத்தால் நெம்பும் மூடி, மூட்டுவலி உள்ள விரலுக்கு ஆகாது. பொத்தானை அழுத்தினால் திறப்பதே நல்லது. கிழமைக்கு ஆங்கில முதலெழுத்து மட்டும் போட்டிருந்தால் செவ்வாயும் வியாழனும் ஒன்றாகத் தெரியும். தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்தப் பெட்டியால் முடியாதது ஒன்று உண்டு. ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்தால் அதற்குத் தெரியாது. இதய டாக்டர் பிரஷருக்கான டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை எழுதுவார். பழைய டாக்டர் கொடுத்த அம்லோடிபினும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒழுங்காக அறைக்குள் போகும். கால் வீங்கும். அது அம்லோடிபினால் வந்த வீக்கம் என்று பார்க்காமல் நீர் பிரியும் மாத்திரை சேர்ப்பார்கள். வீக்கம் பெரிதாகக் குறையாது, பொட்டாசியம்தான் குறையும். பிறகு அதற்கொரு மருந்து. வீட்டில் மாத்திரை பெருகுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே பெட்டியை நிரப்புவதற்கு முன், எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். முட்டிவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக்கையும் விடாதீர்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். ‘வலிச்சா மட்டும்தானே’ என்று அதைத்தான் எல்லோரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

பெட்டியில் போடக்கூடாதவை: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகாட்ரான், வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட். முதலாவது அதன் புட்டியிலேயே இருக்கட்டும். மற்ற இரண்டும் ஈரக்காற்றில் கெடும். மாத்திரையை அட்டையோடு வெட்டிப் போடவும் வேண்டாம். பார்வை மங்கியவர் அப்படியே விழுங்கிவிட்டால் கூரான ஓரம் உணவுக்குழாயைக் கிழிக்கும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மருந்து. கைப்பழக்கத்தில் ஏழு நாளுக்கும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனியே வையுங்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றுக்கானது. கால்சியமும் இரும்புச்சத்தும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போகவேண்டும். ‘காலை’ என்ற ஒரே அறையில் எல்லாம் சேர்ந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மதியத்துக்கு மருந்து இல்லாதவர்கள் முதல் அறைக்கு ‘வெறும் வயிறு’, இரண்டாவதற்கு ‘டிபனுக்குப் பின்’ என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்கும் பிந்தைய அறைக்குப் போகட்டும்.

நிரப்பும்போது ஓர் அட்டையை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்த பிறகே அடுத்த அட்டையைத் தொடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பவேண்டாம். காலி அட்டைகளை அந்த வாரம் முடியும்வரை வைத்திருங்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனால், மருந்தின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கும்.