எந்தக் கரண்டி சார்?

இந்தத் தை மாதம் மூன்று வாரம் மதுரையில் இருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்கு வந்தால் செய்கிற வேலைகள் எல்லாம் வரிசையாக நடந்தன. பல் சுத்தம் பண்ணிக்கொண்டேன், கண்ணாடி மாற்றினேன், வங்கியில் கேஒய்சி கொடுத்தேன், இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்கும் தலையைக் காட்டினேன். பல் டாக்டரும் கண்ணாடிக் கடையும் வழக்கம்போல நன்றாகவே இருந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது டயட்டீஷியனைப் பார்த்த கதையை.

எனக்கு 46 வயது. குடியிருப்பது கனடாவின் மிசிசாகாவில், வேலை விமான நிலையச் சரக்குப் பிரிவில், இரவு ஷிப்ட். போன நவம்பரில் அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் குடும்ப டாக்டர். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்கத் தோன்றியதே வண்டியில் ஏறிய பிறகுதான். தனியாகத் தொழில் செய்கிற டயட்டீஷியனிடம் போனால் எங்கள் ஒன்டாரியோ மாகாண அரசுக் காப்பீடு பணம் தராது, கையிலிருந்து நூறு டாலருக்கு மேல் போகும். சரி, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஊருக்கு வந்து ரிப்போர்ட்டை அப்பாவிடம் காட்டினால், "ஆறுதானடா இருக்கு? எனக்கு நூத்தி நாப்பது. நீ நல்லாத்தான் இருக்க" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். கனடாவில் மில்லிமோல் கணக்கு. நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18 ஆல் பெருக்க வேண்டும், 6.3 என்பது 113 ஆகும். இதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனைக்கு. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ், எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து. ரத்தம் எடுத்ததிலும் ஸ்கேனிலும் குறை சொல்ல முடியாது, கடிகாரம்போல நடந்தது. கடைசியில் 'டயட் கவுன்சலிங்' என்று ஒரு அறை. உள்ளே ஐந்து நிமிடம். அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, மேலே பெயரை எழுதி, இரண்டு இடத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி, முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், இனிப்பு கூடாது. வெளியே வந்து பார்த்தால் அப்பா கையிலும் அதே தாள். நான் 170 சென்டிமீட்டர் உயரம், 76 கிலோ. அவருக்கு 74 வயது, ஒன்றரை வருடத்தில் 58 கிலோவிலிருந்து 52க்கு இறங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே சப்பாத்தி.

அக்காதான் வேறொருவரைச் சொன்னாள். அவளுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வந்தபோது பார்த்தவராம். மாடியில் சின்னதாக ஒரு கன்சல்டிங் அறை. வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டதும் ஒரு செய்தி வந்தது: மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வாருங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும், சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள், வீட்டில் சாதம் போடும் கரண்டியும் காபி டம்ளரும் வேண்டும். கரண்டி எதற்கு என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். எனக்கும் தெரியவில்லை. துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

ஆளுக்கு முதல் தடவைக் கட்டணம் 800 ரூபாய், மறுபடி பார்க்க 400. சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். லிஃப்ட் இல்லை, அப்பா நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். ஜிபே மட்டும்தான் என்றது வரவேற்பில் இருந்த பெண், என்னிடம் அது கிடையாது, அப்புறம் அக்காவுக்கு போன் போட்டு அனுப்பச் சொன்னேன். அறைக்கதவு பாதி திறந்தே கிடந்ததால் எனக்கு முன்னால் போன வேறொரு பெண்மணியின் மலச்சிக்கல் காத்திருந்த எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். இதெல்லாம் குறைதான். ஆனால் சுவரில் எம்.எஸ்சி. உணவியல் பட்டமும் பதிவுபெற்ற டயட்டீஷியன் என்று இந்திய டயட்டெடிக் சங்கம் தரும் ஆர்டி சான்றிதழும் மாட்டியிருந்ததைக் காத்திருந்த நேரத்தில் நிதானமாகப் படிக்க முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சொந்தக்காரர் பவுடர் கலக்கிக் கொடுக்கும் ஒரு இடத்துக்கு இழுத்துப்போனார். அங்கே ஒரு மிஷின்மேல் ஏற்றி நிறுத்தி, என் உடம்புக்கு 58 வயது என்றார்கள். சொன்னவருக்கு என்ன படிப்பு என்று கேட்டேன். மூன்று நாள் டிரெயினிங்காம்.

என் முறை வந்தது. ஐம்பது நிமிடத்தில் முதல் முப்பது நிமிடம் அவர் கேள்விதான் கேட்டார். ஷிப்ட் எத்தனை மணிக்கு, எப்போது தூங்குவீர்கள், நடுராத்திரி பசித்தால் கையில் என்ன கிடைக்கும், சமைப்பது யார், வீட்டில் மூன்று பேருக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய். ஐந்து லிட்டர் கேன் மாதம் ஒன்று தீரும் என்றேன். காகிதத்திலேயே வகுத்துக் காட்டினார், ஆளுக்கு நாளைக்கு 55 மில்லி, அது மட்டுமே 450 கலோரிக்குப் பக்கம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் போட்ட மாதிரிச் சாப்பாட்டுத் தட்டில், நாளைக்கு 2000 கலோரி சாப்பாட்டுக்கு 27 கிராம் எண்ணெய்தான். நான் அதுவரை சோற்றை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன்.

"மதியம் சாதம் எவ்வளவு சார்?"

"மூணு கரண்டி."

"எந்தக் கரண்டி சார்?"

பையைத் திறந்து கொடுத்தேன். அவர் மேஜையடியில் டப்பாவில் சோறு வைத்திருந்தார். நான் போடுகிற மாதிரியே போடச் சொன்னார். குவித்துப் போட்டேன். தராசில் ஒரு கரண்டி 130 கிராம். மூன்று என்றால் 390, அதாவது 500 கலோரிக்கு ஒட்டி. 'கொஞ்சம்தான் சாப்பிடறேன்' என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தத் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் டேப்பை என் கையில் கொடுத்து இடுப்பை அளக்கச் சொன்னார், 96 சென்டிமீட்டர். நம்மவர்களில் ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு 26.3. கனடாவில் இதை லேசான அதிக எடை என்று விட்டுவிடுவார்கள். நம் உடல்வாகுக்கு 23 தாண்டினாலே கூடுதல், 25க்கு மேல் போனால் பருமன் கணக்கு.

சாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மாலையிலேயே முடிக்க வேண்டும், இரண்டு கரண்டி தட்டையாக, காய் அதைவிட அதிகமாக. ராத்திரி இரண்டு மணிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ தயிரோ. விடிந்து வீடு திரும்பியதும் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் விழுவதுதான் மோசம் என்றார். 'டபுள் டபுள்' காபி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு கோப்பைக்கு இரண்டு சர்க்கரை, இரண்டு கிரீம், ஒரு ஷிப்டுக்கு நாலு கோப்பை. கணக்கை அவர் போடவில்லை, என்னைப் போட வைத்தார். பனிக்காலத்தில் அங்கே என்ன கீரை கிடைக்கும், தமிழ்க்கடையில் உறைய வைத்த முருங்கைக்கீரை உண்டா என்றெல்லாம் கேட்டுத்தான் பட்டியல் எழுதினார். ஓட்ஸ் எனக்குப் பிடிக்காது என்றதும் அடித்துவிட்டார். வைட்டமின் டி மாத்திரை போடலாமா என்றேன். அது உங்கள் டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு பதிலில் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் அப்பா. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பெரிய மருத்துவமனைத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். "அம்மா, ராத்திரி ரெண்டு சப்பாத்தியும் முழுசா சாப்பிடறாரா?" அம்மா தயங்கிவிட்டு, "டீயில நனைச்சுச் சாப்பிடுவாரு. பாதிய வச்சிருவாரு" என்றார். ஏன் நனைக்கிறார்? அப்பா ஜன்னலைப் பார்த்தார். டயட்டீஷியன் எழுந்து வந்து, "ஐயா, பல்செட்டு ஆடுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வருசமா" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. செலவு வைக்கக் கூடாதென்று இருந்திருக்கிறார். மெல்ல முடியாத சப்பாத்தி, கொலஸ்ட்ரால் பயத்தில் விட்ட முட்டை, சர்க்கரை பயத்தில் விட்ட பழம். மிச்சம் இருந்தது டீயும் ரஸமும்தான். அவர் உடம்புக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும், 52 கிராம். எழுதி வந்த மூன்று நாள் கணக்கில் முப்பதைத் தாண்டவில்லை.

மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் பார்த்து இன்னொன்று கேட்டார், பாதம் மதமதவென்று இருக்கிறதா என்று. இருக்கிறது. பதினோரு வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைய வாய்ப்புண்டு, பரிசோதித்துப் பாருங்கள் என்று டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். பார்த்தால் குறைவுதான், ஊசி தொடங்கினார்கள். சாப்பாட்டில் குழைந்த பருப்பு, மஞ்சள் கருவோடு முட்டை, இட்லிக்கு நிறையப் பாசிப்பருப்பு சாம்பார், பழமாகக் கொய்யாவுக்குப் பதில் பப்பாளி. தை மாதம் அல்லவா, பனங்கிழங்கு சாப்பிடலாமா என்று அப்பா கேட்டதுதான் அன்றைக்கு அவர் தானாகக் கேட்ட ஒரே கேள்வி. நார் உரித்து, மசித்து, அந்த வேளைச் சாதத்தைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள் என்றார். நான் கனடாவில் வைத்திருக்கும் கலோரி செயலியில் தேடிப் பார்த்தேன், பனங்கிழங்கு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது.

கனடா திரும்பிய பிறகு, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வைப் படித்தேன், 2006 இல் வெளியானது. எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் நடையும் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து பின்தொடர்ந்ததில் சர்க்கரை நோயாக மாறும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருக்கிறது. மெட்ஃபார்மின் கொடுத்த கூட்டத்திலும் கிட்டத்தட்ட இதே அளவு, 26.4. பின்தொடர்வது என்பது என் விஷயத்தில் வீடியோ அழைப்பு. குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அவருக்கு மாலை. முதல் அழைப்பில் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார். கம்பங்கூழ் யோசனை தோற்றுப்போனது, மகள் வாயில் வைக்கவே இல்லை, அதை விட்டுவிட்டோம். மூன்று மாதத்தில் நான் 72.5 கிலோ, ஹெச்பிஏ1சி 5.8. ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை முழுதாக விட்டேன் என்று சொன்னால் பொய். அப்பாவுக்குப் பல்செட்டைச் சரி பண்ணிக் கொடுத்தாயிற்று, 54 கிலோ.

கரண்டியை நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இங்கே குக்கரோடு வந்த பிளாஸ்டிக் துடுப்பில்தான் இத்தனை வருடமும் சோறு போட்டுக்கொண்டிருந்தோம், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அம்மா புதுமண்டபத்துப் பக்கம் போய் வேறொன்று வாங்கிவிட்டார். போன வாரம் பேசும்போது அப்பா குரலைத் தாழ்த்தி, "இது பழசைவிடப் பெருசுடா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிராத" என்றார்.